பதினேழு டேக் வாங்கிய கிழவர்

பழைய தொடர்களில் நடித்தவர்களை மேடைக்கு அழைத்துப் படப்பிடிப்புக் கதைகளைப் பேசவைக்கும் தொலைக்காட்சி நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்த நிகழ்ச்சிகளைத் தயாரித்துக் கொடுப்பவர்களுக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் அப்படியொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பினீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு தொடரின் குழு. சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு நரைத்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்போது அதில் பிரதானமாக நடித்தவர் ஒரு கதை சொன்னார். "மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல ஷூட்டிங். ஊர்க் கிழவர் ஒருத்தருக்கு ஒரே ஒரு டயலாக். ‘ஐயா வரச் சொன்னாங்க.’ அவ்வளவுதான். அதுக்குப் பதினேழு டேக் வாங்கினாரு!" சொல்லிவிட்டு எழுந்து நின்று, அந்தக் கிழவர் மாதிரியே கழுத்தைத் திருப்பி முழித்தும் காட்டினார். நீங்கள் அதற்கு ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் சேர்த்தீர்கள். அந்த முழிப்பை மூன்று தடவை திருப்பிப் போட்டீர்கள்.

அந்தக் கிழவர் என் பெரியப்பா.

பெரியம்மா அப்போது கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எண்பத்தோரு வயது, காது மந்தம். இது மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. "இவரையா சொல்றாங்க?" என்றார். நான் டிவியை அணைத்தேன். "ஏன்டா அணைக்கிற, இன்னும் ஏதாவது சொல்றாங்களான்னு பாப்போம்" என்று மறுபடி போடச் சொன்னார். போட்டேன். விளம்பரம் ஓடியது. அதற்குப் பிறகு அவர்கள் வேறு கதைக்குப் போய்விட்டார்கள்.

நிறுவனத்தின் பெயரையோ தொடரின் பெயரையோ நடிகரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குப் படித்ததும் புரியும். நடிகர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஆறு டேக் பதினேழாக வளரத்தான் செய்யும், நானே என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். என் வழக்கு உங்களோடு. அந்தக் கிழவர் யார், உயிரோடு இருக்கிறாரா, அவர் வீட்டில் யார் இதைப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அதற்கு ‘டொய்ங்’ சேர்த்தவர்களோடு.

நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன். சம்பவம், சாட்சி, கோரிக்கை என்று எழுதித்தான் பழக்கம். இதில் சாட்சியும் நானே. படப்பிடிப்பு நடந்த பன்னிரண்டு நாளும் காமிராவுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தைத் திருப்பிவிட, தெர்மாகோல் அட்டை பிடித்துக்கொண்டு நின்றவன்.

1999 மாசி மாதம். இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர் வண்டியோடு பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஊருக்கே திருவிழா. எங்கள் பக்கம் தொலைக்காட்சியே கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டார்கள், ஆனால் இங்கே படம் எட்டவில்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஆண்டெனாவை உயரத் தூக்கிக் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் நன்னிலத்துக்குப் பக்கத்தில் நல்லமாங்குடியில் பிறந்து, முத்துப்பேட்டையில் வாத்தியார் வேலை பார்த்த கே.பாலசந்தர், சினிமாவில் அத்தனை பேர் வாங்கியபிறகும் ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ என்று சின்னத்திரைக்கு வந்தார். பெரியப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. "அவரும் நாடகத்துல இருந்து போனவருதான். இனிமே நாடகக்காரனுக்கு ஒரு வழி பொறக்கும்" என்பார்.

பெரியப்பா நாடகக்காரர். சுற்றுவட்டாரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் அரிச்சந்திரன் வேஷம் அவருக்கு. மயான காண்டத்தைத் தொடங்கினால் கிழக்கு வெளுத்துவிடும். பாட்டும் வசனமுமாக நாலு மணி நேரச் சரக்கு, கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வரி வசனம் வராத கிழவர் என்று நீங்கள் காட்டியது இந்த ஆளை.

சரி, அன்று என்ன நடந்தது?

நாடக மேடையில் ஒருவர் பேசி முடித்தபிறகுதான் அடுத்தவர் வாய் திறப்பார். தொடர் படப்பிடிப்பு வேறு மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். குரலைப் பின்னால் டப்பிங்கில் சேர்த்துக்கொள்வதால், அந்தத் தொடரில் காட்சி எடுக்கும்போது யார் சத்தம் போட்டாலும் கவலையில்லை. உதவி இயக்குநர் காமிராவுக்கு ஓரமாக நின்று வசனத்தைத் துண்டு துண்டாக உரக்கப் படிப்பார், நடிப்பவர் அதைக் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார். ‘பிராம்ப்டிங்’ என்பார்கள். அன்றைய வசனமே அன்று காலையில்தான் எழுதி வரும், மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஒரு காதில் வாங்கிக்கொண்டே கண்ணீரும் விடுவார்கள். அது ஒரு தனித் திறமை, நான் குறைத்துச் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ‘ஆக்‌ஷன்’ என்றார்கள். உதவி இயக்குநர் "ஐயா வரச் சொன்னாங்க" என்று உரக்கப் படித்தார். பெரியப்பா அவர் பக்கம் மரியாதையாகத் திரும்பி, அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். கட். மறுபடி ஆக்‌ஷன். மறுபடி அவர் படிக்க, இவர் திரும்பினார். கட். நடுவில் இரண்டு தடவை வசனத்தை வேறு மாற்றினார்கள், ‘ஐயா கூப்பிட்டாங்க’, அப்புறம் பழையபடி ‘வரச் சொன்னாங்க’. ஒரு தடவை ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஒரு தடவை இந்தக் கதையைச் சொன்னவரே சிரித்துவிட்டார். எல்லாம் சேர்த்து ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு. கடைசியில் பெரியப்பா அந்தப் பையனிடம் போய், "தம்பி, நீங்க சித்த நேரம் பேசாம இருங்க, நான் சொல்லிடுறேன்" என்றார். அவன் பேசாமல் இருந்தான். இவர் சொன்னார். அதே டேக்கில் ஓகே.

உங்கள் மேடையில் காட்டிய அந்தக் கழுத்துத் திருப்பல் இதுதான். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் பேசி முடிக்கக் காத்திருந்தது.

இன்னும் இருக்கிறது. சம்பா அறுத்துப் போர் போட்டு, வயலெல்லாம் உளுந்தும் பயறுமாகக் கிடந்த நேரத்தில் உங்கள் இயக்குநருக்கு நடவுக் காட்சி வேண்டியிருந்தது. மாசியில் நடவா என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பெரியப்பாதான் போர்செட் வைத்திருந்த ஒருவரிடம் பேசி, கோடைக்கு விட்டிருந்த நாற்றங்காலில் நாலைந்து முடி நாற்று வாங்கி, ஒரு குழி நிலத்தில் தண்ணீர் கட்டிச் சேறடித்துக் கொடுத்தார். அந்த ஒரு குழியைத்தான் காமிரா கடல்போலக் காட்டியது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்துப் பட்டப்பகலில் நடுராத்திரியை உண்டாக்கினார்கள். பெரியம்மா பன்னிரண்டு நாளும் கொல்லையில் சமைத்தார். பெரியப்பா கட்டிய வேட்டியும் தோளில் போட்ட துண்டும் அவருடையவை. பேட்டா நாளுக்கு நூற்றைம்பது ரூபாய். அதற்காக அந்த மாசியில் இரண்டு நாடகத்தை விட்டார்.

ஒன்பதாம் நாள் பண்ணையார் சாவுக் காட்சி எடுத்தார்கள். பண்ணையில் வேலை பார்த்த கிழவராகப் பெரியப்பா, தலைமாட்டில் நின்று அழ வேண்டும். எழுதிவந்த வசனத்தை இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டு, "உங்களுக்குத் தோணினதப் பண்ணுங்க" என்றார். அவர் மயான காண்டத்திலிருந்து எடுத்துப் பாடினார், இரண்டு நிமிஷம் இருக்கும். அப்போது பிராம்ப்டிங் இல்லை. டப்பிங்குக்கு அவரைச் சென்னைக்குக் கூப்பிடவும் இல்லை. ஒளிபரப்பானபோது பார்த்தால் அவர் வாய் அசைகிறது, புல்லாங்குழல் கேட்கிறது. ‘ஐயா வரச் சொன்னாங்க’ வேறு யாரோ ஒருவர் குரலில் வந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ‘மற்றும்’ என்று போட்டு அதற்குக் கீழே அவர் பெயர் வந்தது, கடைசியிலிருந்து மூன்றாவது. மறுநாள் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, பட்டியல் வரும்போது படம் பிடிக்கச் சொன்னார். அந்த போட்டோ இப்போதும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்து அவர் பெயரில் இரண்டு எழுத்தை மறைத்திருக்கிறது. அவர் 2011-இல் போய்ச் சேர்ந்தார்.

நடிகர் ஒருவர் தொடரிலிருந்து விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அறிவிப்புப் போடுகிற வழக்கம் உங்களுக்கு உண்டு. பெரியப்பாவின் பாவப்பட்ட குரலுக்கு அதுகூட இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே தொடரை யூடியூபில் ஏற்றினீர்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து தேடினோம். ‘ஐயா வரச் சொன்னாங்க’ இருக்கிறது. ஆனால் தொடக்கப் பாட்டையும் முடிவுப் பெயர்ப் பட்டியலையும் எல்லா எபிசோடிலும் வெட்டிவிட்டீர்கள். சாவுக் காட்சி வருகிற எபிசோடு இல்லவே இல்லை. அந்த இடத்தில் எண் தாவுகிறது. அதன் பிரதி கிடைக்குமா, செலவை நாங்களே தருகிறோம் என்று இரண்டு தடவை பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை இரண்டும் உங்கள் ஆபீஸ் முத்திரையோடு திரும்பி வந்தன. பதில் வரவில்லை. அரசாங்க ஆபீஸ் என்றால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, முப்பது நாளில் பதிலுக்கு வழி பார்த்திருப்பேன். உங்களிடம் அந்தப் பருப்பு வேகாது.

வேறு பிரதி ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எங்கள் ஊர் கேபிள்காரர் அந்த எபிசோடுகளை வி.எச்.எஸ். கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் அவர் வீட்டு ஓடு மொத்தமும் பறந்தது. கேசட் பெட்டி இரண்டு நாள் மழையில் நனைந்து கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது டேப் பூசணம் பூத்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தென்னை போன, வீடு போன ஊரில் கேசட்டுக்கு யாரும் அழவில்லை. பெரியம்மா மட்டும் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் தூக்கிப் போடவிடவில்லை.

இப்படிப்பட்ட தேடல் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. பி.பி.சி. நிறுவனம் 1960-களின் ‘டாக்டர் ஹூ’ தொடர் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. வீட்டில் டேப்ரெகார்டரில் பதிந்த ரசிகர்களால் அவற்றின் ஒலியாவது மிஞ்சியது. காணாமல்போன 9 எபிசோடுகள் நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் சாமான் அறையிலிருந்து கிடைத்ததாக 2013-இல் சொன்னபோது உலகமே கொண்டாடியது. நம் பக்கம், 1987-இல் தொடங்கிய ‘ராமாயணம்’ தொடரை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷனே சொன்னது. பழைய டேப் குப்பையில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள் எதற்கு?

சட்டமும் கொஞ்சம் பார்த்தேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 38பி என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். நடித்தவருக்குத் தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமை உண்டு என்கிறது. பயன்படுத்தும் விதத்தால் பெயரை விட வேண்டிவந்தால் மட்டும் விலக்கு. தன் பேர் கெடும்படி தன் நடிப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் உண்டு. அதே சட்டத்தில் இன்னொரு இடம்: திரைப்படத்தில் போகிறபோக்கில் தலைகாட்டி, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் எங்குமே இடம்பெறாதவர், சிதைப்பைத் தட்டிக்கேட்பது தவிர மற்றதற்கெல்லாம் நடிகர் என்ற கணக்கில் வரமாட்டார். அதாவது பட்டியலில் பெயர் இருப்பதற்கு அவ்வளவு எடை. அந்தப் பட்டியலைத்தான் நீங்கள் நாற்பது விநாடி மிச்சம் என்று வெட்டிப் போட்டீர்கள். நான் பணம் கேட்கவில்லை. வழக்குப் போடவும் வசதியில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். தனி மடலாக எழுதினால் அதற்கும் ஒப்புகை அட்டைதான் வரும்.

என் தங்கை மகள் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டுப் போட்டியில் சில சுற்று வரை பாடினாள். வீட்டைப் படம் எடுக்க வந்தார்கள். ‘ஏவி’ என்பார்கள், போட்டியாளர் கஷ்டப்பட்டு வந்த கதையை மூன்று நிமிஷத்தில் காட்டுவது. தங்கைக்கு அரசாங்கத் திட்டத்தில் கட்டிய தளம் போட்ட வீடு. அது வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகை வாசலில் பெண்ணை உட்காரவைத்தார்கள். அது மாட்டுக் கொட்டகை. என் தங்கை நிஜமாகவே அழுதாள், புருஷன் போனதைப் பற்றிப் பேச்சு வந்ததால். மைக் சரியாக இல்லை போலிருக்கிறது. "அம்மா, அதே மாதிரி இன்னொரு தடவை" என்றார்கள். இரண்டாவது தடவை அழ வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு இப்ப இருந்திருந்தா உங்க பொண்ணு பாடுறதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார் ஒருவர். அழுதுவிட்டாள். அவர்களுக்கு ஷாட் கிடைத்தது. பின்னால் சென்னையில், காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பெண்ணை ராத்திரி இரண்டு மணிக்கு மேடையேற்றி, குரல் கம்மிவிட்டது என்று நடுவர்கள் குறை சொன்னார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் அந்த வருஷம் பங்குனி, சித்திரை, ஆடித் திருவிழாக் கச்சேரிகளுக்கும் போக முடியவில்லை.

அது போகட்டும். அவள் இப்போது கும்பகோணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு குழந்தைகள். அந்த மூன்று நிமிஷத்தை நீங்கள் ‘மறக்க முடியாத தருணங்கள்’ என்று தலைப்புப் போட்டு இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்புப் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க மாட்டுக் கொட்டகையிலயா இருந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

இனிக் கோரிக்கை. பெரியப்பாவைப் பற்றிய அந்தப் பகுதியை யூடியூபிலிருந்து எடுங்கள். எடுக்க முடியாது என்றால், நடந்தது என்ன என்பதை அவர் பெயரோடு அதே நிகழ்ச்சியில் சொல்லுங்கள். நான் வந்து சொல்லவும் தயார். அன்று வசனம் படித்த உதவி இயக்குநர் எங்கிருந்தாலும் அவரையும் கூப்பிடுங்கள், அந்தச் சோபாவில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. வெட்டிய பெயர்ப் பட்டியல்களை எல்லாப் பழைய தொடர்களிலும் திரும்பச் சேருங்கள், பார்க்கிறவர் தள்ளிவிட்டுப் போனால் போகட்டும். இறந்துபோன சின்ன நடிகர்களின் குடும்பத்தார் ஓர் எபிசோடுக்குப் பிரதி கேட்டால், ஆகிற செலவை வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கு ஒரு முகவரியை, பதில் போடுகிற ஒரு மனுஷரோடு, அறிவியுங்கள். ஓர் ஊரைப் பற்றியோ அந்த ஊர் ஆளைப் பற்றியோ மேடையில் கதை வருமானால், ஒளிபரப்புக்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ரியாலிட்டி ஷோ போட்டியாளர் தன் ‘ஏவி’யை இனிப் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடுங்கள், எத்தனை வருஷம்வரை பயன்படுத்தலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே தமிழில் எழுதுங்கள். என் தங்கை மகள் எழுதிய கடிதம் உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது, புதிதாக அனுப்பத் தேவையில்லை.

சாவுக் காட்சி எபிசோடு உங்கள் டேப் அறையில் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதை முப்பது நாளுக்குள் எனக்கு எழுதுங்கள். அழிந்திருந்தாலும் எழுதுங்கள். இருந்தால் பென் டிரைவ் நான் அனுப்புகிறேன். மறு ஒளிபரப்புச் செய்வதாக இருந்தால் தேதியும் நேரமும் ஒரு வாரம் முன்னால் தெரிய வேண்டும். பெரியம்மா ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.

இப்படிக்கு,
மன்னார்குடி பக்கத்து மனு எழுத்தர் ஒருவர்